மூக்குக்காரர் எடுத்துக் கொடுத்த பெட்டி

என் அண்ணனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்குக்காரர் என்றால்தான் தெரியும். ஒருமுறை தபால்காரர் உறையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு ஆள் இந்தத் தெருவிலேயே இல்லை என்று கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் ஊர் முழுக்கப் புகையிலைதான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் வயல், அதைத் தாண்டினால் இலை காயப் போடுகிற கொட்டகை, அதையும் தாண்டினால் சுருட்டு ஆலை. அந்த ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக அண்ணனுக்கு என்ன வேலை என்றால், சுருட்டுப் பிடிக்கிற வேலை.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பிடிப்பதற்கே சம்பளமா, கொடுத்துவைத்த மனுஷன் என்பார்கள். அந்த வேலையைச் சமையலறையிலிருந்து பார்த்தவள் நான். என்னிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன்.

காலை ஒன்பது மணிக்கு ஏழு பேர் தனித்தனி மேஜையில் உட்கார வேண்டும். முதல் நாள் சுற்றிய சுருட்டு வரும். பெயர்ச் சீட்டு இருக்காது, நம்பர் மட்டும்தான். இரண்டு விரற்கடை அளவு பிடித்துவிட்டு வைத்துவிட வேண்டும். சர்க்கரை போடாத டீயில் வாய் கொப்பளித்துவிட்டு அடுத்தது. இழுக்க வருகிறதா, சீராக எரிகிறதா, வாசம் எப்படி, காட்டம் எவ்வளவு என்று தாளில் மார்க் போட வேண்டும். மார்க் குறைந்தால் அதைச் சுற்றிய ஆளுடைய அன்றைய கட்டு மொத்தத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள். மற்ற ஆறு பேருக்குச் சந்தேகம் வந்தால் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பார்களாம்.

அந்த முகத்துக்காக என் வீட்டில் இருபத்திரண்டு வருஷம் பூண்டு உரிக்கவில்லை. மிளகாய் கிள்ளவில்லை. வெங்காயம் வதக்க ஆசை வந்தால் அண்ணன் வெளியூர் போகிற நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் எங்கே வெளியூர் போனார்? வாசனை சோப்பு கிடையாது, தலைக்குத் தைலம் கிடையாது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிற என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கமாக வந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம். "ஆஸ்பத்திரியில படுத்தாக்கூட இதைவிட ருசியாப் போடுவாங்க" என்பார் தட்டைப் பார்த்து. போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்வேன்.

அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஒரு பேச்சு வந்தது. பெண் வீட்டுக்குப் போனவர், பெண்ணின் அம்மா பூசியிருந்த பவுடர் தாங்காமல் நாலு தும்மல் தும்மிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"பவுடர் போட்டது அம்மாதானே. பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்றேன்.

"பொண்ணும் அதே டப்பாவுலதான் எடுத்துப் போடும்" என்றார்.

அப்புறம் எங்கள் வீட்டுக் கீழறைதான் அவருக்கு வீடு. மாடியில் ஒரு அறை இருந்தது. புகையிலை வயலைப் பார்க்கவும் சுருட்டு வாங்கவும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விட்டோம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் அண்ணன் வலது கை விரல்களை மூக்கடியில் வைத்துப் பார்ப்பார். ஒரு துளி வாசம் இருந்தாலும் திரும்பக் கழுவுவார். மூன்றாவது தடவை கழுவ வேண்டி வந்தால் எனக்குத் திட்டு விழும். "என்னத்தப் போட்டுத் தாளிச்ச?" என்பார். உப்பும் கீரையும் தவிர ஒன்றும் போடாத சமையலுக்கு இந்தக் கேள்வி.

போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. எழுந்து நடமாட ஆரம்பித்த வாரத்தில் ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனேன். அண்ணன் அடுப்புக்கு நாலடி தள்ளிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் படியில் இறங்கும்போதே தீய்ந்த நாற்றம் குப்பென்று வந்தது. ஓடிவந்து பார்த்தால் பாத்திரம் கருகி, சமையலறை முழுக்கப் புகை. அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பால் தீஞ்சது தெரியலையா?"

"பேப்பர்ல இருந்தேன்."

"பேப்பர் கண்ணுக்கு. மூக்குக்கு என்ன வேலை?"

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

தெருமுனைக் கடையில் ஒருத்தி பூண்டு வாங்கினால் வாசலிலிருந்தே சொல்லுகிற மனுஷன். மறுநாள் காலையில் இரண்டு பல் பூண்டை நசுக்கி அவர் தட்டின் விளிம்பு முழுக்கத் தேய்த்துவிட்டுச் சோறு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவினார். விரலை மூக்கடியில் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது. "அண்ணே, மூக்கு போச்சா?" என்றேன்.

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"காய்ச்சல் விட்ட நாள்லேர்ந்து ஒண்ணும் தெரியல. இழுத்தா வெறும் சூடுதான் வருது."

"அப்ப ஆலையில எப்படிச் சமாளிக்கிற?"

"சாம்பலப் பாத்தா பாதி தெரியும். கையில உருட்டினா மீதி தெரியும். இத்தனை வருஷம் பாத்த சரக்கு."

"வாசத்துக்கு?"

"பக்கத்து மேஜைக்காரன் புருவத்தைப் பாத்துப் போடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"டாக்டர்கிட்டப் போக வேண்டியதுதானே?"

"போனேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னு சொல்றாரு. அது எனக்கே தெரியும்." மாட்டின செருப்பைக் கழற்றினார். "வெளிய தெரிஞ்சா ஆலைக் கேட்டுல உக்கார வச்சு லாரி நம்பர் எழுதச் சொல்லுவாங்க. எனக்கு முன்னாடி இருந்தவருக்கு அதான் பண்ணினாங்க. போறவன் வர்றவன்லாம் பாத்துட்டுப் போவான். அது மட்டும் எனக்கு வேண்டாம்மா. உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டுக்க."

சரி என்றேன். என் வாயைப் பற்றித் தெருவில் நல்ல பேர் கிடையாது. என்னிடம் ஒன்றைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று என்று என் வீட்டுக்காரரே சொல்வார். அவரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. நாலு மாதம் பூட்டுப் பூட்டாகவே இருந்தது.

அந்த நாலு மாதமும் அண்ணன் ஒரு காரியம் செய்தார். ஆலையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தினம் இரண்டு சுருட்டு கொடுப்பார்கள். அதே இலை, அதே கை. பெயர்ச் சீட்டு மட்டும் ஒட்டியிருக்காது. கடையில் அது கிடைக்காது. எல்லாரும் சேர்த்து வைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், வெளியூர்க்காரர்கள் வந்தால் விற்பார்கள். அண்ணனும் ஒரு மரப்பெட்டி நிறைய வைத்திருந்தார். காய்ச்சலுக்குப் பிறகு அந்தப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. வேலை முடிந்து வந்ததும் குளியலறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்து இழுப்பார். ஏதாவது ஒன்றில் ஏதாவது வராதா என்று பார்ப்பார். துணி காயப் போடுகிற சாக்கில் நான் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

இந்த நிலைமையில்தான் மாடி அறைக்கு அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரே ஒரு பை. எங்கள் பேச்சை நன்றாகவே பேசினாள், ஆனால் வீட்டுக்குள் மட்டும் பேசிப் பழகிய பேச்சு. அவளுடைய அப்பா இந்த ஊரில் பிறந்து பதினெட்டு வயதில் கப்பலேறினவராம்.

வந்த அன்றே பஸ் ஸ்டாண்டில் ஒருவனிடம் ஏமாந்துவிட்டு வந்தாள். ஆலைச் சரக்கு என்று ஒரு கட்டை அவள் தலையில் கட்டியிருந்தான். அண்ணனிடம் காட்டினாள். அண்ணன் முகர்ந்தே பார்க்கவில்லை. ஒன்றை எடுத்துப் பிளேடால் நீளவாக்கில் கீறி மேஜைமேல் விரித்தார். தரையில் கூட்டின தூள், இரண்டு துண்டு வாழைச் சருகு, கட்டுகிற நூல்.

"தலைமுடி ஒண்ணு இருக்கு பாருங்க. அது இனாம்" என்றார்.

அந்தப் பெண் சிரித்தாள். அப்புறம் அவரை ஒரு மருத்துவரைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தாள்.

"ஐயா, எங்க அப்பாவால இப்ப பிடிக்க முடியாது. மூச்சுக்கு மெஷின் வச்சிருக்கு. அந்த ரூம்ல தீக்குச்சியே கிழிக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. மோந்து பாக்கணுமாம்."

"எதை?"

"அவரோட அப்பா இந்த ஆலையில இருந்தாரு. சாயங்காலம் சட்டைப் பையில ரெண்டு வச்சுக் கொண்டு வருவாராம், பேர்ச் சீட்டு இல்லாதது. கடையில விக்கிறதெல்லாம் வேணாம், அதோட வாசம்தான் வேணும்கிறாரு. ஒரு பெட்டி போதும். நாளைன்னைக்கு எனக்குப் பஸ்."

"நானே எடுத்துத் தர்றேன்" என்றார் அண்ணன்.

நான் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? உன்கிட்டதான் ஒண்ணும் மிச்சம் இல்லையே. வேற யாரையாவது கை காட்டிவிடு."

"மூக்குக்காரன் வீட்டு மாடியில தங்கினவளுக்கு வேற எவனோ எடுத்துக் கொடுத்தான்னா நாலு பேரு என்ன நினைப்பான்?"

"வாசத்துக்குன்னே வந்திருக்கா அண்ணே. பிடிக்கறதுக்கு இல்ல."

"பாத்தாலே தெரியும். நீ அடுப்பைப் பாரு."

மறுநாள் ஞாயிறு, ஆலைக்கு விடுமுறை. எதிர் வரிசையில் மூன்றாவது வீடு லாரிக்காரருடையது. ஆலை லாரி ஓட்டுகிறவர். அவரிடம் ஒரு பெட்டி சேர்ந்திருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு அண்ணனும் அந்தப் பெண்ணும் கிளம்பினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

லாரிக்காரர் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரம் ஒரு இரும்பு பீரோ. லாரிக்காரரின் சம்சாரம் பீரோவைத் திறந்து, மடித்து வைத்திருந்த கம்பளித் துணிகளுக்கு நடுவிலிருந்து பெட்டியை எடுத்தாள். பத்திரமாக வைத்திருந்தாளாம். கதவு திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்துருண்டை. பெட்டி மூடியைத் திறந்தால் அதற்குள்ளும் அதுதான். துணிக்குப் போட்டது சுருட்டில் ஊறிப்போயிருந்தது. லாரிக்காரர் மூக்கு டீசலிலேயே கெட்டது. அவர் சம்சாரம் தலையணை உறைக்குள்கூட அந்துருண்டை போடுகிறவள், அவளுக்கு அது காற்று மாதிரி. அந்த அறையில் மூக்கு என்று ஒன்று இருந்தது எனக்கும் அந்தப் பெண்ணுக்கும்தான்.

அண்ணன் ஒன்றை எடுத்தார். காதருகில் வைத்து மெல்ல அழுத்தி ஓசை கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் மேல் இலையின் நரம்பைப் பார்த்தார். நுனியைத் தடவினார். எல்லாம் செய்துவிட்டு மூக்கடியில் வைத்து, கண்ணை மூடி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக இழுத்தார். எத்தனை வருஷமாகச் செய்து பழகியது. அழகாகத்தான் இருந்தது.

"முதல்தரமான சரக்கு" என்றார். "பழைய மரத்தோட வாசம். அடியில வறுத்த கடலை. கொஞ்சம் தோல்."

"அண்ணே, வேற ஒரு வீட்லயும் பாத்துட்டு முடிவு பண்ணலாமே" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மாதான். இலை உரிக்கிறவங்க வீட்லயும் இருக்காமே."

"இதையே பாத்தாச்சு."

அந்தப் பெண்ணும் ஒன்றை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். திரும்பவும் முகர்ந்தாள். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"ஐயா, இதுல ஏதோ... பூச்சி மருந்து மாதிரி ஒரு வாசம் வருதே?"

லாரிக்காரர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அவள் பீரோவைப் பார்த்தாள்.

"அது நல்லா பதமான இலையோட வாசம்மா" என்றார் அண்ணன். "புது மூக்குக்கு முதல்ல அப்படித்தான் தெரியும். உங்க அப்பாகிட்டக் கொண்டுபோய்க் குடுங்க. அவரு சொல்லுவாரு."

அந்தப் பெண் கையிலிருந்ததை ஒரு நிமிஷம் பார்த்தாள். "எனக்கு என்ன தெரியும். நீங்க சொன்னா சரிதான் ஐயா" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தாள்.

மெஷினோடு படுத்திருக்கிற ஒரு கிழவர் பெட்டியைத் திறந்து முகர்வது என் கண்ணில் தெரிந்தது. ஐம்பது வருஷம் கழித்து ஊர் வாசம் என்று அவர் மூக்கில் ஏறப்போவது லாரிக்காரர் வீட்டுக் கம்பளி.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றேன். "அண்ணே, இது வேண்டாம். நான் சொல்றேன்ல, வேண்டாம்."

அப்போது அண்ணன் என் பக்கம் திரும்பினார். லாரிக்காரர் முன்னால், அவர் சம்சாரம் முன்னால், அந்தப் பெண் முன்னால் சொன்னார்.

"அடுப்படியில உக்காந்திருக்கிறவளுக்கு இதப் பத்தி என்ன தெரியும்? போய்ச் சோத்தப் பாரு."

"அது அந்துருண்டை" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை போதும். பெட்டி கை மாறியிருக்காது. அண்ணனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நானே சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தலைவலிக்கிறது என்று அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் சோத்தைப் பாரு என்றது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவருடைய மூக்குக்காக நான் சோற்றைப் பார்த்த பார்வை எனக்கல்லவா தெரியும்.

"அண்ணனுக்கு மூக்கு போய் நாலு மாசம் ஆச்சு" என்றேன்.

லாரிக்காரரின் சம்சாரம் பீரோக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அண்ணன் கையிலிருந்த சுருட்டைப் பெட்டியில் அதன் இடத்திலேயே வைத்தார். கோணலாக இருந்ததை நேராக்கினார். மூடியை மூடிவிட்டு வெளியே போனார்.

"அக்கா, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார் லாரிக்காரர். அவர் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பெண் சொன்னாள், "நான் வாங்கியிருப்பேன்மா. அவரு சொன்னாருன்னு வாங்கியிருப்பேன்." அவள் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள்.

சாயங்காலம் நானே அவளை, ஆலையில் இலையிலிருந்து நடுநரம்பை உரிக்கிற அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இரண்டு கட்டு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். எனக்குத் தெரிந்தது தீய்ந்த பால், கெட்ட முட்டை, காயாத துணி. இவற்றில் கெட்ட வாசம் ஒன்றும் இல்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. நல்ல வாசம் எது, அந்தக் கிழவர் கேட்கிற வாசம் எது, எனக்கு எப்படித் தெரியும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்து அண்ணன் அறைக் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, இலையைப் பாத்தாவது சொல்லு. ரெண்டு கட்டு இருக்கு. அந்தப் பொண்ணு காலையில கிளம்புது."

"நீதான் எல்லாத்தையும் சொல்லிட்டியே" என்றார் உள்ளிருந்து. "இதையும் நீயே சொல்லிடு."

கதவு திறக்கவில்லை. கொஞ்சம் கறுப்பாக இருந்த கட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். அண்ணனிடம் சொல்லிக்கொள்ள அவர் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் குளியலறைக்குப் பின்னால் போயிருந்தார். அவள் போய்ச் சேர்ந்தாளா, அவளுடைய அப்பா முகர்ந்தாரா, அந்த வாசம்தான் என்றாரா, இது இல்லை என்றாரா, ஒரு தகவலும் இல்லை. மாடி அறையில் தங்கிவிட்டுப் போகிறவர்கள் யாரும் எழுதுவதில்லை.

புதன்கிழமை ஆலையில் கூப்பிட்டுவிட்டார்கள். லாரிக்காரர் யாரிடமும் சொல்லவில்லையாம். அவர் சம்சாரம் தண்ணீர்க் குழாயில் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னாளாம். அந்த ஒருத்தியின் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் பக்கத்து மேஜை. நாலு மாதம் இவர் யார் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, அதே ஆள்.

மேலதிகாரி மேஜையில் மூன்று சுருட்டு வைத்திருந்தார்களாம். ஒன்றில் மண்ணெண்ணெய் தடவியிருந்ததாம். அண்ணன் பற்றவைக்கவில்லை, தொடவுமில்லை. "தெரியலைங்க" என்று மட்டும் சொன்னாராம். இதெல்லாம் என் வீட்டுக்காரர் டிப்போவில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னது. அண்ணன் என்னிடம் பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கேட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. உள்ளே வருகிற லாரியின் நம்பர், வெளியே போகிற லாரியின் நம்பர். எதிர் வரிசை லாரிக்காரர் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த வழியாகப் போவார். நாலு தடவையும் வண்டியை நிறுத்தி, "வணக்கம்ணே" என்பாராம். அவர் மரியாதைக்குத்தான் சொல்கிறார். சொல்லாமல் போனால் தேவலை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். "இனிமேலாவது இந்த வீட்ல கொஞ்சம் பூண்டு போட்டுச் சமைக்கலாமா? இல்ல, கேட்டுல நம்பர் எழுதறதுக்கும் வாசம் ஆகாதா?" உங்கள் நாக்கில் நெருப்பைத்தான் வைக்க வேண்டும் என்று சொன்னேன். ஆனாலும் ஒரு வாரமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷனோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் எனக்கும் ஒரு வீம்பு வந்துவிடுகிறது. திட்டட்டும், தட்டை வீசி எறியட்டும், ஏதாவது சொல்லட்டும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலையில் பூண்டை உரித்தேன். இருபது பல். வெங்காயத்தை வதக்கி, மிளகாய் கிள்ளிப் போட்டு, கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் தாளித்தேன். என் வீட்டுக்காரர் கொல்லையிலிருந்தே இருமிக்கொண்டு சிரித்தார். என் கண்ணெல்லாம் எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, உங்க வீட்லயா?" என்றாள்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அதே இடத்தில் உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். சாப்பிட்டார். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். பூண்டு ஒன்று முழுசாக வந்தது. அதையும் மென்று விழுங்கினார்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

எட்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

எழுந்துபோய்க் கை கழுவினார். துண்டில் துடைத்தார். பழக்கத்தில் வலது கை விரல்களை மூக்கடிக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. வைத்துக்கொண்டார். நாலடி தள்ளி நின்ற எனக்கே அந்த விரல்களிலிருந்து பூண்டு வாசம் வந்தது. அவர் விரலை எடுக்கவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் சொல்கிறவரை அப்படியே நின்றார். அப்புறம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நோட்டு எழுத வேண்டுமே என்று மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மிச்சமிருந்ததை என் வீட்டுக்காரர் டிபனில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மறுநாள் கீரையும் உப்பும்தான் வைத்தேன். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்காமல் சாப்பிட்டார்.